இலக்கமும் மெய்ம்மையும்: யேர்மனியப் போர்த்துப்பாக்கி பற்றிய ஒரு குறிப்பு

ஏட்டுச்சுவடியில் இடைச்செருகலை ஆராய்வோன் எழுத்தின் வடிவை நோக்குதல் போல, பழைய போர்த்துப்பாக்கியை ஆராய்வோன் அதன் உறுப்புக்களிலுள்ள இலக்கங்களை நோக்குகின்றான்.

யேர்மனியப் படை 1935 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மௌசர் 98கே துப்பாக்கியில், குழல், அதன் பின்னமைந்த உருக்குக்கூடு, தோட்டாவை உட்செலுத்திப் பூட்டும் தாழ் ஆகியவற்றில் ஒரே தொடரிலக்கம் அடிக்கப்பட்டது. திருகாணி போன்ற சிற்றுறுப்புக்களுக்கு அவ்விலக்கத்தின் கடையிரண்டு எண்களே போதுமானவையாயின. ஆகவே, எண்கள் ஒத்தனவாயின் உறுப்புக்கள் யாவும் மூலமானவை என முடிவுகட்டுதல் எளிது. எளிதாயினும் அது பிழையாகலாம்.

போரின்பின் சோவியத் படைக்கலச்சாலைகள், கைப்பற்றிய துப்பாக்கிகளைப் பிரித்துத் துலக்கி, எண் பாராது மீளக் கோத்தன. பின்னர்க் கூட்டின் இலக்கத்தையே தாழ் முதலியவற்றில் மின்னெழுதுகோலாற் கீறின. மரக்கட்டைக்கு அரக்கு மெருகு பூசின. கூட்டிற் பெருக்கற்குறி போன்றதோர் அடையாளமும் பெரும்பாலும் உண்டு. இவற்றில் எண் ஒத்திருப்பினும் உறுப்புக்கள் உடன்பிறந்தவையல்ல. தொழிற்சாலையில் அச்சால் அடித்த எண் உலோகத்தில் ஆழப் பதிந்திருக்கும். கீறிய எண்ணோ மெல்லியது.

இச்சோவியத் அடையாளங்களைத் தேய்த்தழித்து, புதிய அச்சால் எண்ணடித்து, மூலப்பொருள் என விற்போரும் உளர். கீறல் பொய்யன்று, அதுவும் அத்துப்பாக்கியின் வரலாறே. அதனை அழித்தலே பொய் என்பது என் கருத்து. இன்னோர் செயல் வெளிப்படுதற்கு ஓரிடமுண்டு. போரின் இறுதிக்காலத்தில், வேலை விரைவின் பொருட்டு, சிற்றுறுப்புக்கள் பலவற்றுக்கு எண்ணிடுதல் கைவிடப்பட்டது. எனவே 1945 இற் செய்த துப்பாக்கியில் திருகாணிதோறும் எண் பொருந்தியிருக்குமாயின், அப்பொருத்தமே ஐயத்துக்கு இடமாகும்.