வணிகனின் வழக்கும் பக்தனின் சரணாகதியும்: பஞ்சகாலத்துத் துக்காராம்

1630ஆம் ஆண்டு குஜராத்திலும் தக்காணத்திலும் பருவமழை பொய்த்தது. அதைத் தொடர்ந்த பஞ்சம் 1632 வரை நீடித்தது. அதே காலத்தில் தக்காணப் போரை முன்னிட்டு ஷாஜகான் புர்ஹான்பூரில் தங்கியிருந்தார். பஞ்சத்தோடு போரும் சேர்ந்துகொண்டது. 1630இன் இறுதியில் சூரத்திலிருந்து ஆக்ராவுக்குப் புறப்பட்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் பீட்டர் மண்டி, வழிநெடுகப் பிணங்களைக் கண்டதைத் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். புர்ஹான்பூரில் திங்கள்கிழமைதோறும் 5,000 ரூபாய் வீதம் 20 வாரங்களில் ஒரு லட்சம் ரூபாய் ஏழைகளுக்கு வழங்கப்பட்டதாக அரசவை வரலாற்றாசிரியர் அப்துல் ஹமீது லாஹோரி எழுதுகிறார்.

பயணியின் குறிப்பும் அரசவையின் கணக்கும் பஞ்சத்தை வெளியிலிருந்து பார்த்தவை. பஞ்சத்திற்குள் இருந்த ஒருவரின் குரல், புனேக்கு அருகில் இந்திராயணி ஆற்றங்கரையில் உள்ள தேஹு என்னும் சிற்றூரிலிருந்து கிடைக்கிறது. அவ்வூர்க் கடைக்காரர் துக்காராம். அவருடைய பிறந்த ஆண்டு குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பரவலாக ஏற்கப்படும் 1608ஐக் கொண்டால், பஞ்சம் தொடங்கியபோது அவருக்கு வயது 22. வணிகமும் கொடுக்கல் வாங்கலும் குடும்பத் தொழில், விட்டலர் குலதெய்வம்.

தம் வாழ்வைத் தாமே சுருக்கிச் சொல்லும் அபங்கம் ஒன்றில் துக்காராம், தாம் சூத்திரக் குலத்தில் பிறந்து வணிகம் செய்தவர் என்று தொடங்குகிறார். பெற்றோரின் மறைவு, பஞ்சத்தில் பொருளும் மானமும் போனது, மனைவியருள் ஒருத்தி உணவு கேட்டே உயிர்விட்டது, வணிகம் நொடித்தது ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். அதன் பின்னரே சிதைந்து கிடந்த கோயிலைப் புதுப்பிக்க எண்ணியதும், கீர்த்தனத்தில் ஈடுபட்டதும் வருகின்றன. இந்த வரிசை கவனிக்கத்தக்கது. அவர் பக்தியால் வணிகத்தைத் துறந்தவர் அல்லர். வணிகம் அவரைக் கைவிட்ட பின்னரே பக்திக்குள் முழுமையாக நுழைந்தார். வேறோர் அபங்கத்தில், தாம் நொடித்துப்போனதும் பஞ்சம் தம்மை வாட்டியதும் நன்மையே என இறைவனிடம் கூறுகிறார்.

இத்தகைய வரிகளைக் கொண்டு, பக்தி இயக்கம் மக்களைத் துன்பத்திற்குப் பழக்கியது, கேள்வி கேட்காத பணிவைக் கற்பித்தது என்று வாதிடுவது எளிது. ஆனால் துக்காராமின் சரணாகதி செயலில் எவ்வடிவம் கொண்டது என்று பார்த்தால் அவ்வாதம் நிற்காது.

18ஆம் நூற்றாண்டில் துக்காராமின் வரலாற்றை எழுதிய மஹீபதி ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். குடும்பத்திற்கு வரவேண்டிய கடன்களின் பத்திரங்களைத் துக்காராமும் தம்பி கான்ஹோபாவும் பங்கிட்டுக்கொண்டனர். தம்பி தம் பங்கை வைத்துக்கொள்ள, துக்காராம் தம் பங்கை இந்திராயணியில் எறிந்தார். இது ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் கழித்து எழுதப்பட்ட மரபுச் செய்தி. அந்த அளவிற்கே அதை மதிக்க வேண்டும். எனினும் அம்மரபு சரணாகதியை எவ்வாறு புரிந்துகொண்டது என்பதற்கு இது நல்ல சான்று. இறைவனிடம் தன்னை ஒப்படைப்பவன், பசித்த அயலான்மீது தனக்குள்ள உரிமையை முதலில் விட வேண்டும். பஞ்சத்தில் கடன் பத்திரம் என்பது நிலத்தையும் மாட்டையும் பறிக்கும் கருவி. அதை நீரில் விடுவது கண்மூடி அமர்வது ஆகாது.

இரண்டாம் முறை இந்திராயணியில் மூழ்கியவை அவருடைய கவிதை ஏடுகள். சூத்திரர் ஒருவர் சமயப் பொருளில் பாடக்கூடாது என்ற எதிர்ப்பு எழுந்து, ஏடுகள் ஆற்றில் விடப்பட்டன. அவர் 13 நாட்கள் உண்ணாமல் கரையில் கிடந்தார் என்றும், ஏடுகள் நனையாமல் மிதந்து வந்தன என்றும் மரபு கூறும். அற்புதத்தை நம்புவதும் மறுப்பதும் அவரவர் பாடு. ஏடுகளை மூழ்கடித்துவிட்டுத் தாம் அமர்ந்ததை முன்சொன்ன தன்வரலாற்று அபங்கத்தில் துக்காராமே குறிப்பிடுகிறார். அதற்கு அவர் ஆளும் சொல் 'தரணே'.

அச்சொல் வணிகர் உலகிற்கு அந்நியமன்று. கடன்பட்டவரின் வாசலில் உண்ணாமல் அமர்ந்து, கடன் தீரும்வரை எழ மறுப்பதே தர்ணா. இவ்வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் வேரூன்றியிருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 508ஆம் பிரிவின் எடுத்துக்காட்டிலேயே அதைக் குறிப்பிட வேண்டியிருந்தது. ஏட்டைக் குறிக்கும் 'வஹி' என்ற மராத்திச் சொல்லும் கணக்குப் புத்தகத்திற்கும் வழங்குவதே. மனிதர்கள்மீதிருந்த கடனுரிமையை விட்டவர், இறைவனிடம் மட்டும் கடன்காரர் அமர்வதுபோல் அமர்ந்தார். அவருடைய பிரார்த்தனையில் பணிவும் வழக்கும் ஒன்றாகவே இருந்தன. நடப்பது எதுவாயினும் ஏற்பேன் என்ற சொல்லுக்குள், நீ பதில் சொல்லாமல் நான் எழமாட்டேன் என்ற பிடிவாதமும் அடங்கியிருந்தது.

இதன் விளைவு அவரோடு முடியவில்லை. பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த பஹிணாபாய், கணவரின் கடும் எதிர்ப்பையும் அடியையும் மீறித் துக்காராமைக் குருவாக ஏற்றார். அதைத் தம் தன்வரலாற்றுப் பாடல்களில் எழுதியும் வைத்தார். கணவரோடு தேஹு சென்று வாழ்ந்த அப்பெண்ணின் சாட்சியம், துக்காராம் குறித்த சமகாலச் சான்றுகளுள் முதன்மையானது.

ஆயினும் இக்கணக்கில் தீராத பாக்கி ஒன்று உண்டு. பஞ்சத்தில் இறந்தவர் மூத்த மனைவி ரக்குமாபாய். எஞ்சியவர் இளைய மனைவி ஜிஜாபாய். வீட்டில் தானியம் இல்லை, வருவோர் போவோர் மட்டும் குறையவில்லை என்று கணவனைச் சாடும் மனைவியின் குரலிலேயே அமைந்த அபங்கங்கள் துக்காராமின் தொகுப்பில் உள்ளன. ஆற்றில் எறியப்பட்ட பத்திரங்கள் கடன்பட்டோரை விடுவித்தன. அடுப்பை எரியவைக்கும் பொறுப்போ ஜிஜாபாயின் தலையில் விழுந்தது. சரணாகதியின் வரலாற்றை எழுதுவோர் அவருடைய முறையீட்டையும் பிரார்த்தனையின் ஒரு பகுதியாகவே வாசிக்க வேண்டும். அதை மறைக்காமல் தம் பாடல்களுக்குள் இடம் கொடுத்தவர் துக்காராமே.