எங்கே இருக்கே?

வீட்டுக் கூடத்தில் கறுப்பு டெலிபோன் உட்கார்ந்திருந்த காலத்தில், ரிசீவரை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி எது? ‘யாரு பேசறது?’ செல்போன் வந்ததும் அது போயே போச்சு. யார் என்பதுதான் திரையிலேயே தெரிகிறதே! இப்போது முதல் கேள்வி, ‘எங்கே இருக்கே?’

ஸ்மார்ட்போன் வந்தபிறகு அதையும் கேட்கவேண்டிய அவசியமில்லை. நீங்கள் வாயைத் திறக்காமலேயே உங்கள் போன் பதில் சொல்லிவிடும். யார் யாருக்குச் சொல்கிறது என்பதுதான் இந்த வார விவகாரம். ஆனால், கதையைச் செயற்கைக்கோளிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. சித்தேரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தர்மபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம் இருக்கிறது சித்தேரி மலை. மலையாளி பழங்குடி மக்களின் பூமி. உடனே கேரளாவோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். பேசுவது தமிழ்தான்.

அந்த மலையடிவாரத்தில் ஒரு கிராமம், வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஒரு படையாக ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. மக்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கில் சிக்கியவர்கள் 269 பேர். அத்தனை பேரும் அரசு ஊழியர்கள்! தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் சொன்னது. 2023-ல், அதே செப்டம்பர் 29-ல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அன்றைக்குத் தப்பித்தவர்கள் எப்படித் தப்பித்தார்கள்? காட்டுக்குள் ஓடி, மலையில் ஒளிந்து. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது தேடி வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். ‘தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கு?’ என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கலாம். தப்பு செய்யாதவனுக்கும் சில ராத்திரிகளில் மறைவிடம் தேவைப்படுகிறது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம்.

பிரிட்டிஷ்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தான். முதலில் வட இந்தியாவில். 1911-ல் அதைப் புதுப்பித்து, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். ஒரு சாதியில் பிறந்துவிட்டாலே நீ சந்தேகக் கேஸ். கைரேகை கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். குடியிருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். வீடு மாறினால் சொல்ல வேண்டும். மாறப்போவதாக இருந்தாலும் சொல்ல வேண்டும். வெளியூர் போவதென்றால் கையில் சீட்டு வேண்டும். தென் மாவட்டங்களில் அதற்கு ‘ராத்திரிச் சீட்டு’ என்றே பெயர்.

பி.காம். படித்தவன் என்பதால் எதையும் பேரேடாகப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. அந்தச் சட்டத்தைப் பார்த்தால், ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்ட பேரேடு மாதிரி இருக்கிறது. இவன் எங்கே என்று அவனுக்குத் தெரியும். அவன் என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று இவனுக்குத் தெரியாது.

கைரேகை தரமாட்டோம் என்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் எதிர்த்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்துப்போனார்கள். அந்தச் சட்டம் நாடு முழுக்க ஒழிந்தது 1952-ல்தான். சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் கழித்து!

சரி, இப்போது செயற்கைக்கோளுக்கு வரலாம்.

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983-ல் வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய விமானத்தை ரஷ்யர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் பலி. அதன் பிறகுதான், இந்த வசதி பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. அப்போதும் முழு மனசோடு கொடுக்கவில்லை. வேண்டுமென்றே கொஞ்சம் பிசகு கலந்து கொடுத்தார்கள். அந்தக் கலப்படத்தை 2000-ம் வருஷம் மே மாதம் கிளின்டன் நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் தெருமுனை வரைக்கும் துல்லியம்.

இதில் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிற சங்கதி ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோள் உங்களைப் பார்ப்பதில்லை. ரேடியோ நிலையம் மாதிரி அது பாட்டுக்கு சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கேட்டு, கணக்குப் போட்டு, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கண்டுபிடிப்பது உங்கள் போன். அதை அடுத்தவருக்குச் சொல்வதும் போனில் இருக்கும் ஆப்கள்தான். ஆகவே, கடிவாளம் பெரும்பாலும் உங்கள் கையில். செல்போன் கம்பெனி மட்டும் விதிவிலக்கு. லொக்கேஷனை அணைத்தாலும், எந்த டவரின் கீழே இருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போதை மருந்து வழக்கில் கைதான ஒரு நைஜீரியருக்கு 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: தன் இருப்பிடம் விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி கூகுள் மேப்பில் பின் போட வேண்டும். 2024 ஜூலை 8-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஜாமீனில் வந்தவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் கண்காணிக்க வழிசெய்யும் நிபந்தனை, அந்தரங்க உரிமையை மீறுவது என்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017-லேயே சொல்லிவிட்டார்கள் அல்லவா?

குற்றம்சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டு. நமக்கு? நாம்தான் கேட்காமலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறோமே!

இன்றைக்கு ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். போன் செட்டிங்க்ஸில் லொக்கேஷன் பகுதியைத் திறந்து, எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு நீங்கள் எங்கே இருந்தால் என்ன? வெட்டுங்கள். டாக்ஸி ஆப்புக்கு, ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்பது போதும். வானிலை ஆப்புக்குத் தோராயமான இடம் போதும். அப்புறம், கூகுள் மேப்பில் உங்கள் படத்தைத் தட்டி, ‘லொக்கேஷன் ஷேரிங்’ பக்கத்துக்குப் போங்கள். உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பெயர் அங்கே இருக்கும். வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷனை அதிகபட்சம் எட்டு மணி நேரம் பகிரலாம். காரியம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்களைக் கண்காணிப்பவர் நீங்கள் பயப்படுகிற ஆளாக இருந்தால், சட்டென்று அணைக்காதீர்கள். அணைத்தது அவருக்குத் தெரிந்துவிடலாம். முதலில் நம்பகமான ஒருவரிடமோ, 181 மகளிர் உதவி எண்ணிலோ பேசுங்கள். அதையும் வேறொருவர் போனிலிருந்து பேசுங்கள். ஆபத்து என்றால் 112.

வயசான அப்பா, ராத்திரி வேலை முடிந்து திரும்பும் மகள் என்று, பகிர்ந்துகொள்ள நியாயமான காரணங்கள் நிறைய உண்டு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்கு, எதற்கு, எவ்வளவு நேரம் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். மகளுடைய இருப்பிடம் உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால், முதலில் அவளிடம் கேளுங்கள். அவள் சரி என்றால், உங்களுடையதும் அவளுக்குத் தெரியட்டும்.

கேட்காமல் எடுத்துக்கொண்டால், அதற்குப் பெயர் ராத்திரிச் சீட்டு.