எடை போட்டு, அப்புறம் சத்துணவு: 1980-ல் மதுரை மாவட்டம்

எங்க குஜிலியம்பாறை பக்கம் பெரியவங்க இன்னும் அங்கன்வாடியை 'பால்வாடி'ன்னுதான் சொல்றாங்க. கைக்குழந்தை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அரசு என்னென்ன தருகிறது என்று ஒருவர் கேட்டார். பட்டியல் போடலாம் என்று உட்கார்ந்தால், பட்டியலைவிட அதன் பின்னால் இருக்கும் கதை பெரிசாக இருந்தது.

1980-ல் திண்டுக்கல் மாவட்டமே கிடையாது (அது 1985-ல்தான் பிரிந்தது). நாங்களெல்லாம் மதுரை மாவட்டம். அந்த மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், நத்தத்துக்குக் கிழக்கே, உலக வங்கிக் கடனில் ஒரு முன்னோட்டம் ஆரம்பித்தது: தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். பிறகு 173 ஊரக ஒன்றியங்களுக்குப் பரவியது.

இதில் எனக்குப் பிடித்தது அதன் தர்க்கம். எல்லாருக்கும் எப்போதும் சோறு என்பதில்லை. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் மாதாமாதம் எடை போடு. அட்டையில் கோடு வரை. கோடு ஏறாமல் படுத்துவிட்டால் மட்டும் குறைந்தது 90 நாள் சத்து உருண்டை கொடு. எடை ஏறினால் நிறுத்து. பிள்ளை எலும்பும் தோலுமாகிற வரை காத்திருக்காமல், சறுக்க ஆரம்பிக்கிறபோதே பிடிப்பதுதான் நோக்கம். சர்வர் விழுந்தபிறகு ஓடாமல், முன்கூட்டியே எச்சரிக்கை வைக்கிற மாதிரி.

ஆனால் எடை போடணும்னா பிள்ளை வரணும். யார் கூட்டி வருவது? அதே ஊர்க்காரப் பெண்ணைப் பணியாளராக எடுத்தார்கள். முன்னுரிமை யாருக்குத் தெரியுமா? ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்த தாய்க்கு! இவ்வளவு புத்திசாலித்தனமான தகுதி விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசுவதும் அவர் வேலை. ஊர்ப் பெண்கள் குழுக்கள் துணைக்கு. சேவையைத் தாய் தேடவில்லை, சேவைதான் பிள்ளையைத் தேடிப் போனது. திட்டப் பகுதிகளில் கடும் ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்கின்றன.

சிக்கலும் இருந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உருண்டை உண்டு, என் பிள்ளைக்குக் கிடையாதா? நல்லா இருக்கிறதுக்குத் தண்டனையா? இதை ஒரு தாய்க்கு விளக்குவது சுலபமில்லை. அதற்குள் 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தது. கிராமங்களில் 2 வயது முதல் எல்லாருக்கும் சோறு, எடை கேள்வி இல்லை. அரசியலாக அதுவே வென்றது, எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் சத்துணவுக் கூடத்துக்கு நடந்து வர முடியாத, இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தராசுதான் தேவைப்பட்டது. ஊட்டச்சத்துத் திட்டம் 1990-களின் கடைசியில், 1975-லேயே தொடங்கிய மத்திய ஐ.சி.டி.எஸ்.-ஸில் கரைந்தது.

இன்றைய பட்டியல் நீளம்தான். கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி பதிவு. அந்த எண் இல்லாமல் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி (மொத்தம் 18,000 ரூபாய்) வராது, பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். அங்கன்வாடியில் சத்துமாவு, எடை, முன்பருவக் கல்வி. தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில்.

கணக்கு இப்போது போஷன் டிராக்கர் செயலியில். 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு முக அடையாளமும் கேட்கிறார்கள். மென்பொருள் எழுதுகிறவனாகச் சொல்கிறேன், பதிவு ஒழுங்காக இருப்பது நல்லதுதான். ஆனால் பழைய அட்டை பிள்ளை வளர்கிறதா என்று கேட்டது. இது வாங்கினது நீதானா என்று கேட்கிறது. வேடசந்தூர் பக்க நூற்பாலைகளுக்கு வெளி மாநிலத்திலிருந்து வந்திருக்கும் குடும்பத்தின் கைக்குழந்தை முதல் கேள்விக்கே போய்ச் சேருவதில்லை. அதன் பெயர் இன்னும் பழைய ஊர்ப் பதிவேட்டில் இருக்கும். அதை இந்த ஊர் அங்கன்வாடிக்கு மாற்றும் வசதி செயலியில் உண்டு. ஆதாரும் பழைய மையத்தின் பெயரும் கையில் இருந்தால், இங்கே உள்ள பணியாளரிடமே கேட்கலாம்.