தபாலில் போன ஓவியன் – 4: கணப்பில் விழுந்த சதுரங்கள்

போன வாரம் ரே ஜான்சனை நெருப்பின் முன்னால் விட்டுவிட்டு வந்தோம்.

நியூயார்க். 1950-களின் நடுப்பகுதி. வீடு அவருடையது இல்லை, நண்பர் சை டுவாம்பிளியுடையது. பிற்காலத்தில் கிறுக்கல் போலத் தெரியும் தன் கோடுகளுக்காகக் கோடி கோடியாக விலை போகப்போகிற அதே டுவாம்பிளிதான். நம் கதைக்கு இப்போது வேண்டியது அவர் வீட்டுக் கணப்பு மட்டும். அதில் ரே தன் ஓவியங்களைப் போட்டுக்கொண்டிருக்கிறார். விற்காத ஓவியங்கள், சொதப்பிய ஓவியங்கள் என்றால் புரிந்துகொள்ளலாம். இவையோ அமெரிக்க அரூப ஓவியர் சங்கத்தின் கண்காட்சிகளில் மாட்டப்பட்டவற்றின் கூடப்பிறந்தவை.

என்ன எரிந்தது என்று தெரிந்துகொள்ள, எரியாமல் தப்பிய ஒன்றைப் பார்த்தால் போதும். ‘அமைதியான மையம்’ என்று பெயர். ஒரு பெரிய சதுரம், அதற்குள் வரிசை வரிசையாகச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு வேறு கோடு, வேறு வேறு கட்டம், பாய் பின்னியது மாதிரி நெருக்கம். நடுவில் மட்டும் ஒன்றுமே வரையாத ஒரு கறுப்புச் சதுரம். கண் அங்கும் இங்கும் ஓடிக் களைத்து, கடைசியில் அந்தக் கறுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். இருபதைத் தாண்டிச் சில வருஷமே ஆன பையன் போட்டது. இதைப் போட்டவனுக்கு நெருப்புப் பெட்டியைத் தொட எப்படி மனசு வந்தது?

துறவு, பற்றறுத்தல் என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. துறவி எரித்துவிட்டுச் சும்மா இருப்பார். ரே எரித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

கத்தரிக்கோல் எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ரே படித்த பிளாக் மவுண்டன் கல்லூரியில் ஆசிரியர் ஜோசப் ஆல்பர்ஸ் நிறப்பாடம் நடத்தும்போது பெயின்டைவிட வண்ணக் காகிதத்தைத்தான் அதிகம் நம்பினார். ஒரே பழுப்புத் துண்டை மஞ்சள் மேல் வைத்தால் ஒரு நிறம், நீலத்தின் மேல் வைத்தால் வேறு நிறம். துண்டு மாறவில்லை, பக்கத்து வீடுதான் மாறியிருக்கிறது. அந்தப் பாடம் ரேயின் விரல்களில் ஏற்கெனவே ஊறியிருந்தது.

அவருக்கும் பக்கத்து வீடு மாறியிருந்தது. கல்லூரியை விட்டு 1949-இல் நியூயார்க் வந்த ரே, கிழக்காற்றுக்கு அருகே மன்ரோ தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் குடியேறினார். அதே கட்டடத்தில்தான் இசையமைப்பாளர் ஜான் கேஜ் இருந்தார். 1951-இல் கேஜ் அங்கே உட்கார்ந்து காசு சுண்டிக்கொண்டிருந்தார். சூதாட்டம் இல்லை, இசையமைப்பு. கிறிஸ்டியன் உல்ஃப் என்ற பதின்வயது மாணவன் கொண்டுவந்து கொடுத்த ‘ஐ சிங்’ என்னும் பழைய சீன நூலை முன்னால் வைத்துக்கொண்டு, மூன்று காசுகளை ஆறு முறை போட்டு, அறுபத்து நான்கு குறிகளில் எது விழுகிறதோ அதன்படி அடுத்த ஸ்வரத்தை எழுதுவார். ‘எனக்குப் பிடித்தது’ என்ற ஒன்றை இசையிலிருந்து வெளியேற்றுவதுதான் நோக்கம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டி.டி. சுசுகி நிகழ்த்திய பௌத்த உரைகளுக்கும் கேஜ் போனார்.

ரேயோ ஓரியன்டாலியா என்ற புத்தகக் கடையில் பகுதிநேர வேலையில் சேர்ந்தார். கீழை நாடுகளின் நூல்களை விற்ற கடை. நம் ‘தியானம்’ சீனத்துக்குப் போய்ச் ‘சான்’ ஆகி, ஜப்பானுக்குப் போய் ‘ஜென்’ ஆன கதையெல்லாம் அந்த அலமாரிகளில் இருந்தது.

ஜென் படித்த ஓவியர் என்றதும் ஒரு மூங்கில், கறுப்பு மையில் ஒரு வட்டம், கீழே ஒரு சிவப்பு முத்திரை என்று எதிர்பார்ப்போம். ரேயிடம் அந்த வரவேற்பறைச் சரக்கு எதுவும் கிடையாது. எல்விஸ் பிரெஸ்லி இருந்தார்.

சலவைக்குப் போட்ட சட்டை மடித்து வரும்போது உள்ளே ஓர் அட்டை வைத்திருப்பார்கள் அல்லவா, ரேயின் பலகை அதுதான். பத்திரிகையிலிருந்து எல்விஸ் முகத்தை வெட்டி அதில் ஒட்டினார். மேலே சிவப்பு பூசினார். கண்களிலிருந்து சிவப்பு வழிந்தது. ‘ஈடிபஸ்’ என்று பேர் வைத்தார், தன் கண்களைத் தானே குத்திக்கொண்ட கிரேக்க மன்னனின் பேர். பாப் ஓவியர் ஆன்டி வார்ஹோல் சூப் டப்பாவை வரைய இன்னும் ஐந்தாறு வருஷம் இருந்தது. ஒட்டியதை வெட்டுவார், வெட்டியதை மணல்தாளால் தேய்ப்பார், தேய்த்ததை இன்னொன்றின்மேல் ஒட்டுவார். பழைய வேலையே புதிய வேலைக்குக் கச்சாப்பொருள். எரிப்பதற்குப் பதிலாக இதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

இவற்றுக்கு ‘மோடிகோஸ்’ என்று ஒரு பேர். அகராதியில் தேடாதீர்கள். ‘ஆஸ்மோடிக்’ என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் பிறந்தது. அட்டைப்பெட்டி நிறைய மோடிகோஸை எடுத்துக்கொண்டு கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் போவார். போகிற வருகிறவர்களிடம் காட்டி, என்ன தோன்றுகிறது என்று கேட்பார். 1955 அக்டோபரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையின் முதல் இதழ் வந்தபோது, மோடிகோஸ் பற்றி அவரிடம் எடுத்த பேட்டியும் அதில் இருந்தது.

ரயில் நிலையத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் காட்ட முடியும்? தபால்தலை அதைவிட மலிவு.

ஒரு உறை வரும். உள்ளே வெட்டிய படம், ஒரு கிண்டல், பாதி வரைந்த ஒரு முயல் தலை. ‘ஏதாவது சேர்த்து ரே ஜான்சனுக்குத் திருப்பி அனுப்பவும்’ என்று ஒரு வரி. சில சமயம் முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பச் சொல்லியிருக்கும். பணம் கிடையாது, விலை கிடையாது, முடிந்த படைப்பு என்று ஒன்றும் கிடையாது. 1962-இல் எட் பிளங்கெட் என்ற நண்பர் இதற்கு ‘நியூயார்க் கரஸ்பாண்டென்ஸ் ஸ்கூல்’ என்று பேர் வைக்க, ‘கரஸ்பாண்டென்ஸ்’ என்ற சொல் ‘டான்ஸ்’ என்று முடியும்படி ரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டார். கடிதம் எழுதுவது நாட்டியமாகிவிட்டது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ‘ஹாப்பனிங்’ என்ற நிகழ்த்துகலை நகரமெங்கும் பேச்சாக இருந்த நேரம். ரே தன்னுடையதற்கு ‘நத்திங்’ என்று பேர் வைத்தார். 1961-இல் மேடிசன் அவென்யூவில் ஏ.ஜி. கேலரி. பார்க்க வந்தவர்கள் உள்ளே நுழைந்தால் வெறும் அறை. சுவரில் எதுவுமில்லை. அப்புறம் பெரிய அட்டைப்பெட்டியோடு ரே வந்து, அதைப் படிக்கட்டில் கவிழ்த்தார். மரத்துண்டுகள் கடகடவென்று உருண்டு படியெல்லாம் நிறைந்தன. இனி யார் இறங்கினாலும் ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். சுசுகியின் ஒரு வருஷ உரைகளை அந்தப் பெட்டியில் கொட்டிவிட்டார் என்று சொல்வேன். வந்தவர்களில் எத்தனை பேர் அப்படி நினைத்தார்களோ, எத்தனை பேர் கணுக்காலைத் தடவிக்கொண்டு திட்டினார்களோ.

1968 ஜூன் 3. பிற்பகலில் ஆன்டி வார்ஹோலை வலேரி சொலானஸ் என்ற பெண் சுட்டார். அதே நாளில் ரேயிடம் ஒருவன் கத்தியைக் காட்டி வழிப்பறி செய்தான். இரண்டு நாள் கழித்து ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். ரேவுக்கு நகரம் போதும் என்றாகிவிட்டது. லாங் ஐலண்டுக்குக் கிளம்பினார். லோகஸ்ட் வேலியில் வீடு. ஆள் ஊரைவிட்டுப் போனாலும் கடிதம் நிற்கவில்லை.

1970 செப்டம்பரில் விட்னி அருங்காட்சியகமே கதவைத் திறந்தது. எந்த ஓவியனுக்கும் கனவு இடம். ரே சுவர்களை நிரப்பியது தனக்கு மற்றவர்கள் அனுப்பியவற்றால். நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கடிதங்கள், கிறுக்கல்கள், ஒட்டுப்படங்கள். கண்காட்சி அவர் பேரில், நடுவில் கறுப்புச் சதுரமாக அவர்.

எல்லாம் ஏறுமுகமாக இருந்த அந்த நேரத்தில்தான், 1973 ஏப்ரல் 5 என்று தேதியிட்ட ஒரு கடிதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ அலுவலகத்துக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் ரே ஜான்சன். ஆசிரியருக்கு இல்லை, கலைப் பகுதிக்கும் இல்லை.

மரண அறிவிப்புப் பிரிவுக்கு.

இறந்தவருக்கு உடல் கிடையாது. வீடு மட்டும் நூற்றுக்கணக்கில் உண்டு, ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு தபால்பெட்டி. அந்தக் கடிதத்தின் ஈரம் காய்வதற்குள், அதே லோகஸ்ட் வேலி வீட்டிலிருந்து புத்தர் பேரில் ஒரு பல்கலைக்கழகம் தபால் அனுப்பத் தொடங்கியது.

(தொடரும்)