காற்பந்தாட்டத்துக்கு விலை வந்த கதை



சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் நம் தோட்டங்களை ஒட்டியுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனால் ஒரே காட்சியைக் காணலாம். சுவரில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. எதிரில் குலை வெட்டிக் களைத்த இளைஞர்கள், ஆளுக்கொரு தே தாரிக்குடன். திரையில் இங்கிலாந்தின் காற்பந்தாட்டம். கையில் காசில்லாத பிள்ளைகள் வெளியே சாலையோரம் நின்று எட்டிப் பார்ப்பார்கள். கடைக்காரர் விரட்டுவதில்லை. ஆனால் அந்தப் படத்துக்காக மாதம் தவறாமல் கட்டணம் கட்டுகிறவர் அவர்தான்.

நாம் சிறு பிள்ளையாக இருந்த நாளில், 1990ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியைத் தோட்டத்து மண்டபத்தில் ஒரே பெட்டியின் முன் நூறு பேர் கூடிப் பார்த்தோம். அப்போது எவரும் எங்களிடம் காசு கேட்கவில்லை. தூரத்தில் நடக்கும் ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு எப்படி விலை வந்தது? அதைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

கதை வானொலியில் தொடங்குகிறது. 1927ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் லண்டன் ஹைபரி திடலில் ஆர்சனல் குழுவும் ஷெபீல்டு யுனைட்டெட் குழுவும் மோதின. அந்த ஆட்டத்தை பி.பி.சி. நிலையம் நேர்முக வர்ணனையாக ஒலிபரப்பியது. இங்கிலாந்து லீக் ஆட்டமொன்று இப்படி வீடுகளுக்குள் வந்தது அதுவே முதல் முறை. கண்ணால் காணாததைக் காதால் எப்படி அறிவது? திடலின் படத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, எண்ணிட்டு, வானொலி இதழில் முன்கூட்டியே அச்சிட்டிருந்தார்கள். வேக்லம் என்பவர் வர்ணனை செய்ய, இன்னொருவர் பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். நேயர்கள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்னர் அதே வேக்லம் ரக்பி ஆட்டமொன்றை வர்ணித்தபோது, பார்வையற்ற ஒருவரை அவர் எதிரில் உட்கார வைத்தார்களாம். அவருக்குப் புரியும்படி சொன்னால் நாட்டுக்கே புரியும் என்பது ஏற்பாடு. வகுப்பறையில் நிற்கும் நமக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் குழுக்களை நடத்தியவர்களுக்கு அச்சம் பிடித்தது. அடுப்படியில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கேட்கிறவன் மழையில் நனைந்து, நுழைவுச் சீட்டு வாங்கித் திடலுக்கு ஏன் வருவான்? 1929ஆம் ஆண்டு கிண்ண இறுதி ஆட்டத்துக்குக் காற்பந்துச் சங்கம் பணம் கேட்டது. உடன்பாடு ஏற்படவில்லை. உடனே பி.பி.சி. ஒரு தந்திரம் செய்தது. சிலரைச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகச் செய்தது. அவர்கள் முறை வைத்து வெளியே ஓடி வந்து, பக்கத்து வீடொன்றிலிருந்து, தாம் கண்டதை ஒலிவாங்கியில் சொன்னார்கள்! 1931இல் காற்பந்து லீக் தன் ஆட்டங்களின் வானொலி வர்ணனையையே தடை செய்துவிட்டது.

தொலைக்காட்சி வந்தபோதும் அதே அச்சம் தொடர்ந்தது. முதன்முதலாக 1938இல் ஓர் இறுதி ஆட்டம் முழுமையாகக் காட்டப்பட்டது. அன்று வீட்டில் இருந்து பார்த்தவர்களைவிட வெம்பிளி அரங்கில் இருந்தவர்களே மிகுதி. 1960இல் பிளாக்பூல், போல்டன் குழுக்களின் லீக் ஆட்டத்தை நேரடியாகக் காட்டிப் பார்த்தார்கள். அந்த ஒன்றோடு முயற்சி நின்றது. அடுத்த லீக் ஆட்டம் நேரடியாக வர 23 ஆண்டுகள் ஆயின. பர்ன்லி குழுவின் தலைவர் பாப் லார்டு வலியுறுத்தியதன் பேரில், சனிக்கிழமை பிற்பகல் ஆட்ட நேரத்தில் நேரடிக் காட்சி கூடாது என்ற வழக்கம் 1960களில் வேரூன்றியது. சிறிய குழுக்களின் திடல்கள் காலியாகிவிடக் கூடாது என்பது அவர்கள் நியாயம். அந்த நியாயத்தை நாம் முற்றாகத் தள்ளிவிட முடியாது.

அடுத்து விலையைப் பார்ப்போம். 1983இல் பி.பி.சி.யும் ஐ.டி.வி.யும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு 52 லட்சம் பவுன் கொடுத்தன. வாங்குவோர் இருவரும் கைகோத்துக்கொண்டால் விற்பவனுக்கு விலை ஏது? கிராமத்துச் சந்தையிலும் இதுவே நடக்கிறது. 1985இல் நான்கு ஆண்டுகளுக்கு 190 லட்சம் பவுன் தருவதாகச் சொன்னார்கள். குழுத் தலைவர்கள் போதாது என்று மறுத்தார்கள். அது பிராட்போர்டு தீ விபத்தும் ஹைசல் அரங்கச் சாவுகளும் நடந்த ஆண்டு. காற்பந்தின் பெயர் கெட்டிருந்த நேரம். சில மாதங்கள் திரையில் காற்பந்தே இல்லை. மக்கள் கொதித்தெழவும் இல்லை. முடிவில் தலைவர்கள், எஞ்சிய பருவத்துக்கு வெறும் 13 லட்சம் பவுனுக்கு இணங்கினார்கள். அந்த மாதங்களில் வெஸ்ட்ஹாம் குழுவின் மக்கவனி கோல் மேல் கோலாக அடித்துக்கொண்டிருந்தார். பாவம், திடலுக்குப் போகாத எவரும் அவற்றைப் பார்க்கவில்லை.

துணைக்கோள ஒளிபரப்பு வந்ததும் வாங்குவோர் கூட்டு உடைந்தது. 1988இல் ஐ.டி.வி. நான்கு ஆண்டுகளுக்கு 440 லட்சம் பவுன் கொடுத்து முந்திக்கொண்டது. 1992இல் பெரிய குழுக்கள் பிரிந்து பிரிமியர் லீக் அமைத்தபோது, நட்டத்தில் தள்ளாடிய ஸ்கை நிறுவனம் நேரடி ஒளிபரப்பு உரிமையைப் பிடித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 3,040 லட்சம் பவுன் என்று அறிவிக்கப்பட்டது. பொதுத் தொலைக்காட்சியில் கண்டதை அன்றுமுதல் சந்தா கட்டினால்தான் காண முடியும் என்றாயிற்று. ஆட்டத்தை விரும்புகிறவர்கள் எப்படியும் கட்டுவார்கள் என்று ஸ்கை கணக்குப் போட்டது. கணக்கு பலித்தது. 2016இல் தொடங்கிய மூன்று ஆண்டுகளுக்கு உள்நாட்டு உரிமை மட்டும் 500 கோடி பவுனைத் தாண்டியது.

ஒரு காலத்தில் கேட்பவனையும் பார்ப்பவனையும் கண்டு அஞ்சினார்கள். இப்போது அவன்தான் முதல். அதில் நம் பங்கும் உண்டு, நேயர்களே. 2022 முதல் 2025 வரையிலான பருவங்களில், வெளிநாடுகளுக்கு விற்ற உரிமையின் தொகை முதன்முறையாக உள்நாட்டுத் தொகையைக் கடந்தது. நம் கடைக்காரர் கட்டும் வெள்ளியும் அந்தக் குவியலில்தான் போய்ச் சேருகிறது.

ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் மதுக்கடை நடத்திய கரேன் மர்பி என்ற பெண்மணி, ஸ்கையின் கட்டணம் கட்டுப்படியாகாமல், கிரேக்க நாட்டு ஒளிபரப்பின் அட்டையை வாங்கிப் பொருத்திக் கடையில் ஆட்டம் காட்டினார். அபராதம் விதித்தார்கள். அந்த அம்மையார் விடாமல் வழக்காடினார். 2011 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறு ஐரோப்பிய நாட்டு அட்டையை வாங்குவதைத் தடுப்பது செல்லாது. காற்பந்தாட்டம் விதிகளுக்குக் கட்டுப்பட்ட விளையாட்டு, அதை எவருடைய படைப்பாகவும் கொள்ள முடியாது என்றது. ஆனால் லீக்கின் சின்னமும் இசையும் அதன் சொத்து. அவற்றைக் கடையில் காட்ட அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. 2012இல் அவருக்கு விதித்த தண்டனை நீக்கப்பட்டது.

பாப் லார்டு காலத்து வழக்கம் இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டத்தை அந்த நாட்டில் நேரடியாகக் காட்டுவதில்லை. நமக்கு அது இரவு பத்து அல்லது பதினொரு மணி; நம் கடையில் அது ஓடுகிறது. திடலுக்குப் பக்கத்துத் தெருக்காரன், சீட்டு வாங்க வசதி இல்லையென்றால், வானொலியைத் திருப்பி வர்ணனை கேட்கிறான். 1931இல் தடுத்தார்களே, அந்த வர்ணனைதான். அதற்கு அவனிடம் சந்தா கேட்பதில்லை.