பீங்கான் ஊரில் ஒரு ரெக்கார்ட் பிளேயர்

விருத்தாசலம்னாலே பீங்கான்தான்: பொம்மை, ஃப்யூஸ் கட்டை. எங்க வீட்டுப் பழைய ரெக்கார்ட் பிளேயருக்குள்ளும் பீங்கான் இருப்பது, அதை வயர்லெஸ் ஸ்பீக்கரோடு இணைக்கப் போனபோதுதான் தெரிந்தது.

கடையில் 'ஃபோனோ ப்ரீஆம்ப்' கட்டாயம் என்றார்கள். மாட்டினால் காதைப் பிளக்கும் கரகரப்பு. அது காந்தக் கார்ட்ரிட்ஜுக்கானது. அந்த வகை தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். எங்களுடையது செராமிக். முள் அசைய, உள்ளே இருக்கும் பீங்கான் துண்டு வளைந்து, நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். 1880-இல் க்யூரி சகோதரர்கள் படிகங்களில் கண்ட குணம் இது. நம்மூர்க் களிமண்ணுக்கு அது வராது. பேரியம் டைட்டனேட் போன்றவற்றைச் சுட்டு, பிறகு உயர் மின்னழுத்தம் ஏற்ற வேண்டும்.

சரி என்று ப்ரீஆம்பைக் கழற்றிவிட்டு ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரில் நேராகச் செருகினேன். பாட்டு வந்தது, பாஸ் காணோம்! செராமிக் கார்ட்ரிட்ஜ் கண்டன்சர் மாதிரி. எதிரே ஒரு மெகாஓம் அளவு மின்தடை இருந்தால்தான் கீழ்ஸ்தாயி தங்கும். அந்தக்கால வால்வு ஆம்ப்ளிஃபயரில் அது இயல்பாகவே அமைந்தது. மலிவுப் பெட்டிகளில் இந்த ஜோடி செல்லுபடியானதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய லைன்-இன்னில் இருப்பதோ சில பத்து கிலோஓம்.

இடையில் ஒரு சின்ன எஃப்.இ.டி. பஃபர் சர்க்யூட் வைத்தேன். தவில் தவிலாகக் கேட்டது.