பூகிஸ் வேளாண் சிற்றூர்

இந்தோனேசியாவின் தெற்கு சுலாவெசி மாகாணத்தில் வாழும் பூகிஸ் மக்களின் நெல் விளையும் ஊர்கள் இக்கட்டுரையின் பொருள். பழைய சுவடிகள் இத்தகைய ஊரையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் வனுவா என்கின்றன. பிற்கால வழக்கு கம்போங். இன்றைய நிர்வாக அலகு தேசா. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தோனேசியாவில் பூகிஸ் மக்கள் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வெளியுலகம் இவர்களைக் கடலோடிகளாகவே அறியும். சிங்கப்பூரின் பூகிஸ் தெரு அந்த வணிகர்களின் பெயரைத் தாங்கியது. எனினும் பூகிஸ் மக்களில் பெரும்பாலோர் உழவர்களே என்பதைப் பிரெஞ்சு மானிடவியலாளர் கிறிஸ்தியான் பெல்ரா 1996இல் வெளிவந்த தம் நூலில் வலியுறுத்தினார்.

நிலமும் மழையும்

சுலாவெசித் தீவின் தென்மேற்குக் கால் போல நீளும் தீபகற்பமே பூகிஸ் நாடு. அதன் தென்முனைப் பகுதியில் மக்காசார் மக்களும் வடக்கு மலைகளில் தொராஜா மக்களும் வாழ்கின்றனர். போனே, வாஜோ, சொப்பெங், சிடென்ரெங், லூவு ஆகியவை பழைய பூகிஸ் அரசுகளுள் முதன்மையானவை. நடுவே ஓடும் மலைத்தொடர் மழையை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குக் கரையில் டிசம்பர், ஜனவரியில் மழை உச்சம் பெறும். கிழக்குக் கரையில் ஏப்ரல் முதல் ஜூலை வரை பெய்யும். இதனால் ஒரு கரையில் அறுவடை நடக்கையில் மறு கரையில் நடவு நடக்கும். கூலியாட்கள் மலையைத் தாண்டி வேலை தேடிச் செல்வது நெடுநாளைய வழக்கம்.

தீபகற்பத்தின் நடுவில் தெம்பே ஏரி உள்ளது. மழைக்காலத்தில் பல மடங்கு பரந்து, வறண்ட மாதங்களில் சுருங்கும் ஆழமற்ற ஏரி இது. நீர் வடிந்த வண்டலில் மக்காச்சோளமும் காய்கறியும் பயிராகும். அதே இடத்தில் சில மாதங்களுக்குப் பின் மீன் பிடிப்பார்கள். முற்காலத்தில் இது கடலோடு தொடர்புடைய பெரிய நீர்ப்பரப்பாக இருந்தது என்ற கருத்து உண்டு. அது எக்காலம் வரை என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்திருக்கவில்லை.

தொடக்க காலம்

கி.பி. 1300க்கு முந்தைய ஊர் வாழ்க்கைக்கு எழுத்துச் சான்று கிடையாது. பூகிஸ் காவியமான லா கலிகோ அக்காலத்தைப் பாடுவதாகப் பெல்ரா போன்றோர் கொண்டனர். காவிய உலகைக் கடல் வணிகமும் இரும்பும் செழித்த ஒரு காலத்தின் நிழலாகப் பெல்ரா கண்டார். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1988இல் ஆய்வேடு அளித்த இயன் கால்டுவெல் முதலியோர், வம்சாவளிச் சுவடிகளையும் அகழாய்வையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு, காவியத்தை வரலாறாகப் படிக்கத் தயங்கினர்.

இரு தரப்பும் பெருமளவு உடன்படும் செய்தி ஒன்றுண்டு: 1300 முதல் 1600 வரை காடு திருத்தி நன்செய் விரிவாக்கப்பட்டது, அரிசி மிச்சத்தின் மேல் அரசுகள் எழுந்தன. ஊர் மரபோ வேறு விதமாகச் சொல்லும். விண்ணிலிருந்து இறங்கிய ஒருவரை ஊரார் தலைவராக ஏற்று, அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டனர் என்று பல வனுவாக்களின் தொடக்கக் கதை அமைகிறது.

அரசுகளின் காலம்

1582இல் போனே, வாஜோ, சொப்பெங் மூன்றும் தெல்லும்போச்சோ என்ற கூட்டணி அமைத்தன. 1605இல் லூவு இஸ்லாத்தை ஏற்றது. மக்காசார் மக்களின் கோவா அரசு தொடுத்த போர்களின் விளைவாக 1609இல் சிடென்ரெங்கும் சொப்பெங்கும், 1610இல் வாஜோவும், 1611இல் போனேயும் அம்மதத்தில் சேர்ந்தன. மதம் மாற மறுத்த ஒரு பிரிவினர் வாஜோவை விட்டுச் சிடென்ரெங்கின் அம்பாரிதாவில் குடியேறினர். தொலோத்தாங் எனப்படும் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே உள்ளனர்.

17, 18ஆம் நூற்றாண்டுச் சுவடிகள் அரண்மனையைப் பற்றி நிறையவும் வயலைப் பற்றி மிகக் குறைவாகவும் பேசுகின்றன. 1660இல் கோவா அரசின் கட்டளைப்படி சுமார் 10,000 பேர் மக்காசார் நகரில் அகழி வெட்ட இழுத்துச் செல்லப்பட்டனர் என்பது ஊர்மக்கள் வரலாற்றில் தலைகாட்டும் அரிய இடம். 1666 முதல் 1669 வரை நடந்த மக்காசார் போருக்குப் பின் ஏராளமானோர், குறிப்பாக வாஜோ மக்கள், போர்னியோவுக்கும் மலாய் நிலத்துக்கும் புலம்பெயர்ந்தனர்.

19ஆம் நூற்றாண்டு: விரிவான பதிவு

பூகிஸ் ஊரைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் கணிசமான பகுதி பெஞ்சமின் பிரடெரிக் மத்தெஸ் என்ற டச்சு மொழியறிஞர் வழியாக வந்தது. விவிலியச் சங்கத்தின் பணிக்காக 1848இல் மக்காசார் வந்த இவர், 1872இல் பிஸ்ஸு பூசகர்களைப் பற்றிய ஆய்வையும், 1874இல் பூகிஸ்-டச்சு அகராதியையும் வெளியிட்டார். அகராதியோடு வந்த படத்தொகுதியில் வீடு, ஏர், உடை, கருவி எனப் பலவும் வரையப்பட்டுள்ளன. இவர் வேண்டுகோளின்படி லா கலிகோவின் பெரும் பிரதியொன்றை எழுதித் தந்தவர் சொல்லிக் புஜியே என்ற அரசகுலப் பெண்மணி. 12 தொகுதிகளான அப்பிரதி லைடனில் உள்ளது. 2011இல் யுனெஸ்கோ அதை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

வீடு. பூகிஸ் வீடு தூண்களின் மேல் நிற்பது. மூன்று அடுக்கு உடையது. மேலே ரக்கேயாங் என்ற பரண். நெற்கதிர்க் கட்டுகளும் குலச் செல்வங்களும் அங்கே இருக்கும். நடுவில் மக்கள் வாழும் பகுதி. தூண்களுக்கு இடைப்பட்ட அடிப்பகுதியில் ஏர், நுகம், தறி, கோழி, சில இடங்களில் எருமை. வீட்டின் கொப்பூழ் எனப்படும் போசி போலா தூணை நட்ட பிறகே மற்றவை எழும்பும். நாளும் மரமும் பார்த்துச் சொல்ல பன்ரித்தா போலா என்ற வல்லுநர் உண்டு. முகப்பு முக்கோணத்தின் அடுக்குகளை எண்ணியே வீட்டுக்காரரின் குலநிலையை வழிப்போக்கர் அறிவர்.

வீட்டை நிலத்தோடு சேராத அசையும் சொத்தாகவே கருதினர். குடும்பம் இடம் மாறினால் வீடும் மாறும். கனமான சாமான்களை இறக்கிவிட்டு, தூண்களுக்கு மூங்கில் கட்டி, ஊர் ஆண்கள் பல பத்துப் பேர் தோள் கொடுத்து வீட்டை முழுதாகத் தூக்கிச் செல்வர். வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் பலகாரமும் உணவும் சமைப்பர். இவ்வழக்கம் இன்றும் சில ஊர்களில் காணப்படுகிறது.

குலநிலை. அருங் எனப்பட்ட பிரபுக்கள், தோ மரதேகா எனப்பட்ட சுதந்திரக் குடிகள், அதா எனப்பட்ட அடிமைகள் என ஊர்ச் சமுதாயம் வகுக்கப்பட்டிருந்தது. நடைமுறையில் இவ்வரிசை எவ்வளவு இறுக்கமானது என்பது விவாதத்துக்குரியது. குடிகள் தாம் பின்பற்றும் தலைவரை விட்டு வேறொருவரிடம் செல்ல முடிந்ததால், ஆட்களைத் தக்கவைக்கத் தலைவரும் தாராளம் காட்ட வேண்டியிருந்தது. நிலமற்றோர் தேசெங் என்ற வார முறையில் பயிரிட்டனர். விதை, எருமை, உழைப்பு ஆகியவற்றை யார் தருகிறார் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். சிரி எனப்படும் மானவுணர்வு திருமணப் பேச்சு முதல் வரப்புத் தகராறு வரை எல்லாவற்றிலும் குறுக்கிடும்.

வயல். நன்செய்க்குக் காலுங், புன்செய்க்கும் தோட்டத்துக்கும் தாரே என்பன பெயர்கள். எருமையே உழவு விலங்கு. நடவு நாளை வான்குறியால் கணித்தனர். கார்த்திகை மீன் கூட்டத்துக்கு வொரொங்பொரொங் என்று பெயர்; கோழி என்ற பெயரில் ஒரு விண்மீன் உருவும் உண்டு. நல்ல நாள், தீய நாள் அட்டவணைகள் லொந்தாரா எழுத்தில் எழுதிவைக்கப்பட்டன. பிராமிக் குடும்பத்தைச் சேர்ந்த இவ்வெழுத்தின் பெயர் பனைமரத்தைக் குறிக்கும் லொந்தார் என்பதிலிருந்து வந்தது. பழைய ஓலைகளைத் தமிழ்ச் சுவடி போல ஏடுகளாக அடுக்காமல், ஒன்றோடொன்று தைத்து நீண்ட நாடாவாக்கி இரு உருளைகளில் சுற்றி வைத்தனர். அவற்றுள் எஞ்சியவை மிகச் சில.

அறுவடை பெரும்பாலும் பெண்கள் வேலை. உள்ளங்கையில் மறையும் சிறு கத்தியால் கதிர்களை ஒவ்வொன்றாகக் கொய்வர். அரிவாளைக் கண்டால் நெல்லின் உயிர் அஞ்சும் என்பது இத்தீவுகளில் பரவலான நம்பிக்கை. கொய்தவருக்குக் கூலி கதிர்க் கட்டாகவே கிடைக்கும். அறுவடை முடிந்தால் மப்பதெண்டாங் விழா. படகு போல் நீண்ட உரலைச் சுற்றி ஆணும் பெண்ணும் நின்று, தாளம் பிசகாமல் உலக்கை போடுவர்.

நெல் தெய்வம். நெல்லைச் சங்கியாங் செர்ரி என்ற பெண் தெய்வமாக வழிபட்டனர். மண்ணுலகுக்கு முதலில் இறங்கிய பதாரா குருவின் மகள் குழந்தையாகவே இறந்தாள். அவள் புதைகுழியில் முளைத்ததே நெல் என்று லா கலிகோ கூறும். விதைநெல்லை வீட்டில் வைத்து இரவெல்லாம் விழித்துக் காக்கும் மத்தோஜா பினே சடங்கில், மெயோங் பாலோ கரெல்லாயே என்ற பூனையின் கதை வாசிக்கப்படும்.

அக்கதையில் தெய்வத்தின் காவலன் ஒரு பூனை. எலிகளிடமிருந்து நெல்லைக் காக்கும் அது, மீனைத் தின்றதற்காக வீட்டாரிடம் அடி வாங்குகிறது. சினந்த சங்கியாங் செர்ரி பூனையோடும் மற்றத் தானியங்களோடும் ஊரைவிட்டு வெளியேறுகிறாள். ஊர் ஊராக அலைந்து, பல இடங்களில் சச்சரவும் கஞ்சத்தனமும் கண்டு மனம் வெறுத்து, முடிவில் பார்ருவில் நல்ல மனிதரைக் காண்கிறாள். விண்ணுக்கே திரும்ப விரும்பிய அவளை மேலுலகத்தார் மீண்டும் மண்ணுக்கு அனுப்புகின்றனர். வீட்டில் சண்டை கூடாது, பொய் கூடாது, அடுப்பையும் அரிசிப் பானையையும் மதிக்க வேண்டும், பூனையை அடிக்கக் கூடாது என்ற விதிகளோடு அவள் தங்குகிறாள். பூனையின் நிறம் குறித்து மொழிபெயர்ப்புகள் வேறுபடுகின்றன: மூவண்ணப் பூனை என்பர் சிலர், வரிப்பூனை என்பர் சிலர். எலியால் விளைச்சல் அழியும் நாட்டில் பூனை இத்தகைய மதிப்பைப் பெற்றது வியப்பன்று.

பிஸ்ஸு. ஆண், பெண் என்ற பிரிவுகளுக்கு அப்பாற்பட்டவராகக் கருதப்பட்ட பிஸ்ஸு பூசகர்கள் அரச சின்னங்களைக் காத்தனர். உழவுத் தொடக்கச் சடங்கான மப்பாலிலியையும் நடத்தினர். பங்கெப் பகுதியிலுள்ள செகெரியில் போற்றப்படும் புனிதச் சின்னம் ஒரு பழைய மரக்கலப்பை. பிற இடங்களில் வாளும் கொடியும் பெறும் மரியாதையை அங்கே கலப்பை பெறுகிறது. அதை வெளியே எடுத்து உலாக் கொண்டுவந்த பிறகே அவ்வட்டாரத்தார் ஏர் பூட்டினர்.

டச்சு ஆட்சியும் விடுதலைக்குப் பின்னும்

1905இல் தொடங்கிய படையெடுப்பில் டச்சுக்காரர் பூகிஸ் அரசுகளை நேரடியாக அடக்கினர். வரியும் கட்டாயச் சாலைப்பணியும் வந்தன. அடிமை முறை சட்டப்படி முடிவுற்றது. குலநிலை பற்றி டச்சு அலுவலர் பிரிடெரிசி செய்த ஆய்வு 1933இல் வெளிவந்தது.

1950 முதல் 1965 வரை கஹார் முசக்கார் தலைமையிலான கிளர்ச்சி உள்நாட்டை உலுக்கியது. பகலில் அரசுப் படை, இரவில் கிளர்ச்சிப் படை என இரு புறமும் நெருக்கப்பட்ட ஊர்கள் காலியாயின. பலர் நகரங்களுக்கும் வேறு தீவுகளுக்கும் ஓடினர். எரிந்த ஊர்கள் பலவும் பிறகு சாலையோரத்தில் வரிசை வீடுகளாக எழுந்தன. பிஸ்ஸுகளுக்கும் நெற்சடங்குகளுக்கும் எதிராக நடந்த மனந்திருந்தல் நடவடிக்கையில் சின்னங்கள் அழிக்கப்பட்டன. அதைக் கிளர்ச்சியாளர் செயலாகச் சில குறிப்புகளும், 1965-66 அரசியல் மாற்றத்தை ஒட்டியதாகச் சில குறிப்புகளும் கூறுகின்றன. இரண்டு அலைகளாக நடந்திருக்கவும் கூடும். 1966இல் தொலோத்தாங் சமயம் இந்து சமயத்தின் கிளையாகப் பதிவு பெற்றது.

பசுமைப் புரட்சியும் அண்மைக்காலமும்

1960களின் இறுதியில் குட்டை ரக நெல் வந்தது. வயதும் தாளும் குறைந்த இந்நெல்லைக் கதிர்க்கத்தியால் கொய்வது பயனற்றதாகி, அரிவாள் புகுந்தது. அறுத்த நெல்லைக் களத்திலேயே அடித்து மூட்டையாக விற்றதால் பரணில் கதிர் ஏற்றும் தேவை குறைந்தது. ஆலை வந்ததும் உரல் ஓய்ந்தது. கதிர்க்கூலியை நம்பிய பெண்களின் வருவாயும் சுருங்கியது.

1972-75இல் பச்சைத் தத்துப்பூச்சியால் பரவும் துங்ரோ நோய் மாகாணத்தின் நெல்லைப் பெருமளவு அழித்தது. வட்டாரம் முழுதும் ஒரே காலத்தில் நடுவதே தீர்வு என்று வேளாண் துறை வலியுறுத்தியது. உழவரும் அலுவலரும் சுவடிக் கணிப்பாளரும் ஒன்றாக அமர்ந்து நடவு நாளை முடிவு செய்யும் துடாங் சிபுலுங் என்ற பழைய கூட்டம் அதற்குக் கைகொடுத்தது. சிடென்ரெங் ராப்பாங் மாவட்டத்தில் இக்கூட்டம் தொடர்கிறது.

1980களில், மலேசியாவின் சபாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் கோக்கோ பயிரைப் பரப்பினர். பின்னர் காய்த்துளைப்பானும் நோய்களும் அதைத் தளர்த்தின. 2014ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேசாக்களுக்கு நேரடி நிதி தந்தது. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் இப்போது பரவலாக உள்ளன. ராபர்ட் வில்சன் இயக்கிய லா கலிகோ மேடை நாடகம் 2004இல் சிங்கப்பூரில் முதலில் அரங்கேறியது. செகெரியில் மப்பாலிலி நடந்துவருகிறது. மப்பதெண்டாங் பெரும்பாலும் விழா மேடை நிகழ்ச்சியாகிவிட்டது.

ஜாவாவுக்கு வெளியே நெல் உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் மாகாணங்களுள் தெற்கு சுலாவெசி ஒன்று. அதன் அரிசி இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளுக்குச் செல்கிறது.